ஏரிக் கரையில் ஒரு வெள்ளோட்டம்

நாளைக்கு விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி விடும்படி சொல்லிவிட்டு உங்கள் பெண் படுக்கப் போகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். காலேஜில் விஸ்காம் படிக்கிற பெண். “எதற்கடி அத்தனை சீக்கிரம்?” என்று கேட்கிறீர்கள். “பருத்திப்பட்டு ஏரியில் ஷூட்டிங், அம்மா!” என்கிறாள். உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கதாநாயகி யார், டைரக்டர் யார், எந்தத் தியேட்டரில் வரும் என்று கேள்வி மேல் கேள்வியாகப் போடுகிறீர்கள். அவள் சிரிக்கிறாள். “எங்கேயும் வராது அம்மா! பரீட்சைக்கு ஒரு பாட்டைப் படமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் சும்மா எடுத்துப் பார்க்கிறோம். டெஸ்ட் ஷூட்!”

எங்கேயும் வராத ஒரு படத்துக்கு நாலரை மணிக்கு எழுந்திருப்பானேன்? நீங்கள் எழுந்து காப்பி போட்டுக் கொடுப்பானேன்? கேள்வி நியாயமானதுதான். பதில் கொஞ்சம் நீளம். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது பருத்திப்பட்டு. கூவம் நதி சென்னை நகரத்துக்குள் புகுந்து கெட்ட பெயர் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது. அதன் குறுக்கே பருத்திப்பட்டு அணைக்கட்டு என்றே ஓர் அணைக்கட்டும் உண்டு. ஊரின் ஏரி 87 ஏக்கர். ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த ஏரி, ஊர் பெருத்தபோது சாக்கடையைச் சுமந்தது. பிறகு தூர் வாரி, கரை கட்டி, நடப்பதற்குப் பாதை போட்டு, 2019-ஆம் ஆண்டில் பூங்காவாக்கித் திறந்தார்கள். காலை வேளையில் போனால் டிராக் ஷூ போட்ட தாத்தாக்களும், புடைவைக்கு மேலே காலில் கேன்வாஸ் ஷூ மாட்டிய பாட்டிமார்களும், நீரிலே நீர்க்காகமும் கூழைக்கடாவும் தத்தம் அலுவலைக் கவனித்துக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இவர்களுக்கு நடுவில் நாலு பிள்ளைகள் ஒரு கேமராவையும் ஒரு ஸ்பீக்கரையும் வைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் புரிவதில்லை. ஒரு பெண் பத்தடி நடக்கிறாள். உதட்டை அசைக்கிறாள். “கட்!” என்கிறான் ஒருவன். அவள் திரும்பப் போய் அதே பத்தடியை நடக்கிறாள். பார்க்கிற தாத்தாவுக்குத் தலை சுற்றுகிறது.

சங்கீதம் கற்றுக்கொள்ளும் குழந்தை சரளி வரிசை பாடுகிறது. அதைக் கேட்க டிக்கெட் வாங்குவாரில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைக்கூட மூடிக் கொள்வார்கள். அதற்காகச் சரளி வரிசையை விட்டுவிட்டு நேரே கீர்த்தனைக்குப் போகலாம் என்று எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்வதில்லை. கோலப் புள்ளியை முதலில் நோட்டுப் புத்தகத்தில் போட்டுப் பழகுகிறீர்கள். பட்டுத் துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் பழைய செய்தித்தாளை வெட்டிப் பார்க்கிறீர்கள். நமக்கெல்லாம் பழக்கமான காரியம்தான். கேமரா விஷயத்தில் மட்டும் அது புதிதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கேமராவிலே பழகுவது என்பது நெடுங்காலம் பணக்கார வித்தையாக இருந்தது. அந்தக் கதையைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் எத்தனை கொடுத்து வைத்தவர்கள் என்பது தெரியும்.

தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31-ஆம் தேதி வெளிவந்தது. அந்தக் காலத்திலே பாட்டு வேறு, படம் வேறு என்று எடுக்கத் தெரியாது. நடிகை கேமராவுக்கு முன்னால் நின்று நிஜமாகவே பாட வேண்டும். பக்க வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னாலோ புதருக்குள்ளேயோ பதுங்கிக் கொண்டு வாசிக்க வேண்டும். கதாநாயகி நந்தவனத்தில் நடந்துகொண்டே பாடினால், ஆர்மோனியத்தைத் தூக்கிக் கொண்டு அவரும் புதருக்குப் புதர் தாவ வேண்டும்! நடுவில் ஒரு காக்கை கத்தினால் போயிற்று. அத்தனையும் மறுபடி முதலிலிருந்து. 1938-இல் ஏ.வி. மெய்யப்ப செட்டியார் ‘நந்தகுமார்’ படத்தில் லலிதா வெங்கட்ராமனைத் தனியாகப் பாட வைத்து, அந்தக் குரலைத் திரையில் தோன்றிய நடிகைக்குப் பொருத்தினார். தமிழில் பின்னணிப் பாட்டு பிறந்தது அப்படி. பாட்டை முன்னால் பதிவு செய்துகொள், அப்புறம் அதை ஒலிக்கவிட்டு, அதற்கு வாயசைத்துப் படம் எடு! இன்றைக்குப் பருத்திப்பட்டில் அந்த ஸ்பீக்கர் செய்கிற வேலையும் அதுதான்.

வாயசைப்பு வந்தபின் பாடகரின் கஷ்டம் தீர்ந்தது. படச் சுருளின் கஷ்டம் தீரவில்லை. சினிமா ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நாலு நிமிஷப் பாட்டுக்குத் திரையில் வருவது 360 அடி. ஒவ்வொன்றையும் ஐந்து தடவை எடுத்தால் 1,800 அடி. அத்தனையையும் வாங்க வேண்டும், லாபரட்டரியில் கழுவ வேண்டும், பிரதி போட வேண்டும். ஆகையால் ஒத்திகையெல்லாம் கேமரா ஓடாமலே நடந்தது. ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948-இல் வந்தது. அதில் வரும் முரசு நடனத்துக்கு நூற்றுக்கணக்கானவர்கள் மாதக் கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். நடனக்காரர்களுக்கு ஒத்திகை கிடைத்தது. கேமராவைப் பிடிக்கிறவருக்கு? அவர் வெறும் கண்ணால் பார்த்து மனத்துக்குள் கணக்குப் போட்டுக் கொள்ள வேண்டியதுதான். தான் எடுத்தது நன்றாக வந்ததா என்பது சுருள் கழுவி வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

இதில் ருஷ்யாக்காரர்கள் செய்தது இன்னும் வேடிக்கை. புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டில் ரொட்டிக்கே பஞ்சம், ஃபிலிமுக்குக் கேட்பானேன்? 1919-இல் மாஸ்கோவில் சினிமாப் பள்ளி ஆரம்பமாயிற்று. அங்கே லெவ் குலஷோவ் என்ற இளைஞர் மாணவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, ‘ஃபிலிம் இல்லாத படங்கள்’ எடுத்தார்! கேமரா இருப்பதாகவே பாவித்து, ஒவ்வொரு ஷாட்டாக மேடையில் நடித்துக் காட்டினார்கள். முகம் மட்டும் தெரிய வேண்டிய இடம் எது, முழு உருவம் தெரிய வேண்டிய இடம் எது என்று ஒரு கை ஃபிலிம்கூடச் செலவழிக்காமல் பழகினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த புதோவ்கின்தான் பிற்பாடு கார்க்கியின் ‘தாய்’ நாவலை 1926-இல் படமாக எடுத்து உலகப் புகழ் பெற்றார். பஞ்சம் நல்ல வாத்தியாராக இருந்திருக்கிறது!

நம் ஊரிலும் இந்த வித்தையைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு பழமையானதே. 1945-இல் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒரு பிரிவாகத் தொடங்கியது, வளர்ந்து, தனி நிறுவனமாகி, ‘அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்’ என்று பெயர் வாங்கி, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986-இல் அந்த இன்ஸ்டிடியூட் மாணவர்கள் ஒன்று சேர்ந்து ‘ஊமை விழிகள்’ படத்தை எடுத்தபோது, “பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?” என்ற பேச்சு அடங்கிற்று.

“எல்லாம் ஆண்பிள்ளைகள் பெயராகச் சொல்கிறீர்களே!” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தக் கனமான கேமராவைப் பெண் தூக்க மாட்டாள் என்பது வெகு நாள் வரை எல்லோரும் ஒப்புக்கொண்ட வேதவாக்காக இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் தூக்குகிறவர்களைப் பற்றித்தான் இப்படிச் சொன்னார்கள்! பி.ஆர். விஜயலட்சுமி அதைப் பொய்யாக்கினார். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த பி.ஆர். பந்துலுவின் மகள். மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தில், 1980-இல், ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ஐந்து வருஷம் கழித்து 1985-இல் கே. பாக்யராஜின் ‘சின்ன வீடு’ அவர் ஒளிப்பதிவில் வெளிவந்தது. ஆசியாவிலேயே முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பேர் கிடைத்தது. அந்த ஐந்து வருஷத்தைத்தான் கவனிக்க வேண்டும். பிறர் படத்தில், பிறர் பணத்தில், பிறர் கோபத்துக்கு நடுவில் கற்றுக்கொண்ட ஐந்து வருஷம் அது. உங்கள் பெண்ணுக்கு இன்று அந்தக் கட்டாயம் இல்லை. கைப் பையில் இருக்கிற ஃபோனே கேமரா. ரேவதி இயக்கிய ‘மித்ர்’ படம் 2002-இல் வந்தபோது ஒளிப்பதிவாளர் ஃபௌசியா ஃபாத்திமா உள்படப் பொறுப்பான வேலைகளில் எல்லாம் பெண்களே இருந்தார்கள். அப்போதுகூட எடுத்தது ஃபிலிமிலேதான்.

ஃபிலிம் போனது நல்லதுதான். ஆனால் ஒரு கெடுதலும் கூடவே வந்து சேர்ந்தது. காசு செலவழிந்த காலத்தில் எடுப்பதற்கு முன்னால் யோசித்தார்கள். எடுத்த பின் நூறு தடவை பார்த்தார்கள். இப்போது பிள்ளைகள் ஏரிக் கரையில் இரண்டு மணி நேரம் எடுத்துக் குவித்துக் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை. சரளி வரிசையைப் பாடிவிட்டுக் காதைப் பொத்திக் கொள்வது போலத்தான் இது. எடுப்பது பாதி வெள்ளோட்டம். எடுத்ததைப் பார்ப்பது மறு பாதி. என்னைக் கேட்டால் பின்பாதிதான் பெரிய பாதி.

அதிலும் பாட்டைப் போல் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. வசனக் காட்சியில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் வெட்டி ஒட்டி மறைத்துவிடலாம். பாட்டு தன் தாளத்திலேயே போகும்; யாருக்காகவும் காத்திராது. உதடு தப்பினால் ஆறு வயதுக் குழந்தைகூட, “அந்த அக்கா பாடலை!” என்று சொல்லிவிடும்.

உதடு ஏன் தப்புகிறது என்பதில் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒளியோ கண் மூடித் திறப்பதற்கு முன்னால் வந்துவிடுகிறது. கேமரா இந்தக் கரையில், ஸ்பீக்கர் கேமராவுக்குப் பக்கத்தில், பாடுகிற பெண் 34 மீட்டர் தள்ளிப் படித்துறையில் என்று வைத்துக் கொள்ளுங்கள். பாட்டு அவள் காதுக்குப் போய்ச் சேர ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். அவள் துளிகூடத் தப்பாமல் வாயசைத்தாலும், விநாடிக்கு 24 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு படத்துக்கு மேல் பின்தங்கியே விழுவாள். பாவம், குற்றம் அவள் மேல் இல்லை! “இன்னொரு தடவை, சரியாகப் பாடு” என்று விரட்டுகிறவனிடம், ஸ்பீக்கரைத் தூக்கிக் கொண்டுபோய் அவள் காலடியில் வை என்று சொல்ல வேண்டும். இரண்டு பேர் பாடினால் இருவருக்கும் ஸ்பீக்கர் சம தூரத்தில் இருக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். ஒரு காலை வேளையைப் பாழாக்கிக் கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் மறக்காது.

மெதுவாக அசையும் காட்சி இன்னும் அதிசயம். கதாநாயகியின் கூந்தல் காற்றில் மெல்ல மெல்லப் பறக்கிறது. ஆனால் பாட்டுக்குச் சரியாக உதடு அசைகிறது. எப்படி? விநாடிக்கு 24-க்குப் பதில் 48 படம் எடுக்கிறார்கள். அதை 24-ஆகத் திரையில் ஓட்டும்போது எல்லாம் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். உதடும் சேர்ந்து இறங்கிவிடுமே? அதனால் எடுக்கும்போதே பாட்டை இரட்டை வேகத்தில் ஓட விடுகிறார்கள். பழைய டேப் நாளில், இரட்டை வேகத்தில் பாட்டு அணில் கீச்சிடுவது போலக் கேட்கும். அந்தக் கீச்சுக் குரலுக்கு, முகத்தில் காதல் ததும்ப, படபடவென்று வாயசைக்க வேண்டும்! சிரிக்காமல் இதைச் செய்ய முடிகிறதா என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று முயன்று பாருங்கள். நடிகர்களிடம் உங்களுக்கு மரியாதை கூடிவிடும். பிள்ளைகள் இதைப் பரீட்சைப் படத்தன்றைக்கு முதல் தடவையாகச் செய்தால் அன்றைய தினம் சிரிப்பிலேயே போய்விடும். முன்னதாக ஒரு நாள் சிரித்துத் தீர்த்துக் கொள்வதற்குத்தான் வெள்ளோட்டம்.

இனி, நாலரை மணிக்கு எழுந்திருப்பானேன் என்ற சங்கதி. சென்னைக்கு ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். அப்போது எடுத்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து, எத்தனை லட்சணமான முகமும் நாலு நாள் ஜுரத்தில் கிடந்தது போலத் தெரியும். காலையில் வெயில் பக்கவாட்டில் வரும், பொன்னிறமாக. ஏரிக் கரையில் இன்னொரு தொந்தரவு. பின்னால் தண்ணீர் பளபளவென்று மின்னுவதைப் பார்த்த ஃபோன், ‘அடேயப்பா, எத்தனை வெளிச்சம்!’ என்று தானாகவே எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். முகம் அடுப்பில் வைத்த சட்டியாகிவிடும். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, இதுதான் முக்கியம் என்று அதற்குச் சொல்ல வேண்டும். போதாததற்கு ஒருவர் வெள்ளைத் தெர்மகோல் அட்டையைப் பிடித்து வெயிலை முகத்தில் திருப்பிவிட வேண்டும். தெர்மகோல் இல்லையா? அப்பாவின் வெள்ளை வேஷ்டி இருக்கிறது. கேட்டு எடுத்துப் போகட்டும்!

திசை என்றொரு விஷயம். முதல் ஷாட்டில் பெண் இடமிருந்து வலமாக நடந்து போகிறாள். அடுத்த ஷாட்டில் கேமராவைப் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவள் வலமிருந்து இடமாக வருகிறாள். பார்க்கிறவர்கள், “ஏன், எதையாவது மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாளா?” என்று நினைத்துக் கொள்வார்கள். தொடர்ச்சி என்றொரு விஷயம். தலையில் வைத்த மல்லிகை ஆறு மணிக்கு மொட்டு, எட்டு மணிக்கு மலர், பத்து மணிக்கு வாடல். வெட்டி ஒட்டினால் ஒரே பாட்டுக்குள் மொட்டாகவும் வாடலாகவும் மாறி மாறித் தெரியும். இதைக் கண்டுபிடிக்கிறதில் உங்களை மிஞ்சக் கூடியவர் உலகத்தில் இல்லை. கல்யாண ஆல்பத்தில் யார் எந்தப் புடைவையை எப்போது மாற்றினார்கள் என்று சொல்லக் கூடியவர்கள் அல்லவா நீங்கள்!

பிள்ளைகள் இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருப்பார்கள். ‘ஒய் திஸ் கொலவெறி டி’ பாட்டு 2011 நவம்பர் 16-ஆம் தேதி வெளியாயிற்றே, அதில் என்ன இருந்தது? ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடுகிறார், இசையமைத்த அனிருத் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். கதை இல்லை, செட் இல்லை. உலகமெல்லாம் பார்த்தது. ‘3’ படம் 2012-இல் வந்து, அதில் அந்தப் பாட்டுக்கென்று தனியாகக் காட்சி இருந்தும், ஜனங்கள் மனத்தில் நிற்பது அந்தக் கூடத்துப் படம்தான். ஆகவே சும்மா எடுத்தாலே போதும் என்கிறார்கள்.

வாதம் பார்வைக்குப் பலமாக இருக்கிறது. ஆனால் அந்த மைக்குக்கு முன்னால் நின்றவர் 2002-லிருந்து கேமராவுக்கு முன்னால் நின்றவர். அந்த வருஷம்தான் ‘ஆடுகளம்’ படத்துக்காகத் தேசிய விருதும் வாங்கியவர். கேமரா இருப்பதையே மறந்தவர் போல் நிற்க அவருக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. உங்கள் வீட்டுக்கு வந்து போகும் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், “இயல்பாக நில்” என்று. உடனே கை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். இயல்பு வருவதற்குத்தான் பத்தடியைப் பத்துத் தடவை நடக்கிறது. சினிமாவைச் சாராமல் 2021-இல் வந்து புகழ் பெற்ற ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டில் தீயோடு சேர்ந்து பாடிய அறிவு, அரக்கோணத்துப் பிள்ளை. ஆவடி வழியாகப் போகிற மின்சார ரயில் நிற்கிற ஊர். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆசை வருவதில் என்ன ஆச்சரியம்? ஆசை வரட்டும். அந்தப் பாட்டின் படத்தை ஒரு தடவை ஒலியை மூடிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் எத்தனை ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்பது அப்போது கண்ணில் படும்.

சரி, வித்தையை விட்டுவிட்டுத் தாயார்மார்களுக்கு உறுத்துகிற விஷயத்துக்கு வருவோம். பெண்ணை அனுப்பலாமா?

அனுப்பலாம். ஆனால் ‘எடுத்ததெல்லாம் யாரிடம் இருக்கும்?’ என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். பரீட்சைப் படத்தில் நல்லதாகத் தேர்ந்தெடுத்த நாலு நிமிஷம்தான் வெளியே தெரியும். வெள்ளோட்டத்தில் அப்படியா? கால் இடறியது, முந்தானை நழுவியது, வாய் கோணியது, அழுதது, சிரித்தது எல்லாம் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அது வெள்ளோட்டமே இல்லை. அந்தத் துண்டுகளில் ஒன்றை எவனோ ஒரு பையன் வேடிக்கைக்காக நாலு பேருக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பெண் மறுபடி கேமராவுக்கு முன்னாலும் வர மாட்டாள், பின்னாலும் வர மாட்டாள். போனது ஒரு நாள் மானம் மட்டுமல்ல, ஒரு விஜயலட்சுமி. ஆகையால் முதல் நாளே பேசி வைத்துக் கொள்ளட்டும்: எடுத்தது ஒரே இடத்தில் இருக்கும், அவரவர் ஃபோனில் எடுத்ததை அங்கே மாற்றிவிட்டு அழித்துவிட வேண்டும், படத்தில் இருக்கிற எல்லோரும் சம்மதித்தாலொழிய ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. மறுப்பு சொல்ல ஒருத்திக்கு உரிமை இருந்தால் போதும், மீதிப் பேர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாதையில் நடக்கிற பாட்டிமார்களுக்கும் அந்த உரிமை உண்டு. அவர்கள் முகம் விழுகிற மாதிரி கேமராவை வைத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்பது அழகில்லை.

சினிமாப் பாட்டை வைத்துப் பழகினால் இன்னொரு கட்டுப்பாடு. காலேஜுக்குள்ளே வாத்தியார், மாணவர், பெற்றோர் முன்னால் போட்டுக் காட்டுவது ஒன்று. ஊருக்கெல்லாம் வெளியிடுவது வேறொன்று. பாட்டின் உரிமை இன்னொருவருடையது. வெளியிடுவதாக இருந்தால் சொந்தப் பாட்டு எழுதிக் கொள்வதே மேல். வகுப்பில் பாடத் தெரிந்த பிள்ளை ஒன்று இல்லாமலா போகும்?

அப்புறம் உயிருக்கு ஆபத்தான சங்கதிகள். படம் பிடிக்கிறவர் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் நடப்பார். பின்னால் இருப்பது ஏரி. அவர் சட்டையைப் பிடித்துக் கொள்வதற்கென்றே ஒருவரை வைக்க வேண்டும். பெரிய படப்பிடிப்புகளிலும் கேமராமேனுக்குப் பின்னால் ஒருவர் கை வைத்துக்கொண்டே நடப்பது வழக்கம்தான். ரயில் தண்டவாளத்தில் நடந்து பாடுகிற ஆசை யாருக்காவது இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். ஆவடி வழியாகப் போவது ஓயாமல் வண்டி ஓடுகிற பாதை. அனுமதியில்லாமல் அதில் இறங்குவது சட்டப்படியும் குற்றம். ஆகாயத்தில் பறந்து படம் எடுக்கிற டிரோனை இரவல் வாங்கிக் கொண்டு வருவார்கள். ஆவடி, போர் டாங்கி செய்கிற ஊர், விமானப் படை நிலையம் இருக்கிற ஊர். எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி சர்க்கார் வரைபடமே போட்டு வைத்திருக்கிறது. அதைப் பார்க்காமல் கல்யாணத்தில் விட்டது போல இங்கே விட்டால், பெண்ணைக் கூட்டிவரப் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

அதிகம் பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். இதே வட்டாரத்தில், பூந்தமல்லிக்கு அடுத்தாற்போல் உள்ள ஒரு படப்பிடிப்புத் தளத்தில், 2020 பிப்ரவரி 19-ஆம் தேதி இரவு ‘இந்தியன் 2’ படத்துக்காக வேலை நடந்துகொண்டிருந்தபோது கிரேன் சரிந்து விழுந்தது. மூன்று பேர் இறந்துபோனார்கள். அத்தனை அனுபவஸ்தர்கள் கூடியிருந்த இடம் அது. நம் பிள்ளைகள் மாடியிலிருந்து கயிற்றில் ஃபோனைக் கட்டித் தொங்கவிடப் போகிறேன் என்று சொல்லும்போது, “கீழே யார் நிற்கப் போகிறார்கள்?” என்று கேட்க ஒரு பெரியவர் வேண்டும். வேறு யாரும் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும். பெண் பசியோடு திரும்பி வருவாள். அவள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலம் ஃபோனை டெலிவிஷனில் இணைத்துப் போடச் சொல்லுங்கள். சின்னத் திரையில் நன்றாகத் தெரிகிற முகம் பெரிய திரையில் மசமசவென்று இருப்பது அப்போதுதான் அம்பலமாகும். முதல் தடவை ஒலியோடு பாருங்கள். இரண்டாம் தடவை ஒலியை முழுக்க மூடிவிட்டுப் பாருங்கள்; பாட்டின் இனிமையில் மறைந்திருந்த தப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதில் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த இடத்தில் உங்கள் கவனம் கோலத்துக்குப் போயிற்று, எந்த இடத்தில் அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்தது என்று சொல்லுங்கள். அந்த இடத்தைத்தான் அவள் மறுபடி எடுக்க வேண்டும். அவளும் ஒரு நோட்டில் ஷாட்டுக்கு ஒரு வரி வீதம் எழுதிக் கொள்ளட்டும்: ஸ்பீக்கர் தூரம், வெயில் எந்தப் பக்கம், பூ எப்படி இருந்தது. எழுதி முடித்த கையோடு மறுபடியும் அலாரம் வைப்பாள். இந்தத் தடவை நாலு மணிக்கு. கூழைக்கடா கூட்டமாக வந்து இறங்குகிற நேரத்தைத் தவறவிட்டுவிட்டாளாம்.